பழவேற்காட்டுப் பாடும் விருந்தினர் கணக்கும்

கம்பெனிக் கோப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் மென்பொருள்களில், நிர்வாகி மட்டுமே பார்க்கும் ஒரு பக்கம் உண்டு. வெளியாட்களுக்குக் கதவை எவ்வளவு திறப்பது என்பது அங்கேதான் முடிவாகும். மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்டில் இதற்கு 4 படிகள். சுட்டி கையில் இருக்கும் எவரும் வரலாம். புதிதாக அழைக்கப்படும் விருந்தினரும் வரலாம். ஏற்கெனவே பட்டியலில் உள்ள விருந்தினர் மட்டும் வரலாம். கடைசியாக, வெளியார் யாருமே வேண்டாம். ஆடிட்டர், விளம்பர ஏஜென்சி என்று ஆளுக்கொரு விருந்தினர் கணக்கு கொடுப்பது ஒரு நிமிட வேலை. வேலை முடிந்தபின் அதை எடுக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வராது. போன வருட ஆடிட்டர் இந்த வருடக் கணக்கையும் பார்த்துக்கொண்டிருப்பார் :)

இந்தத் தலைவலிக்கு, திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரி மீனவர்கள் கம்ப்யூட்டர் வருமுன்பே ஒரு வழி கண்டுவிட்டார்கள். அதன் பெயர் 'பாடு'. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் இடங்களைக் குலுக்கிப் போட்டு, முறைவைத்துச் சுழற்றுகிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. முறை முடிந்தால் அடுத்தவருக்குப் போய்விடும். ஷேர்பாயிண்டில் 'காலாவதி' என்று தனியாக டிக் அடிக்க வேண்டிய சமாசாரம், இங்கே முறையிலேயே கலந்திருக்கிறது.

சரி, குலுக்கலில் யார் பெயர் சேரும்? சிக்கல் அங்கேதான். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தில், தலைக்கட்டில் பேர் உள்ள ஆண்களுக்கே பழைய பாடு உரிமை. பெண்கள் இல்லை. அதே தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இல்லை. ஏரியை நம்பும் மற்ற சாதியாரும் இல்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியதும் ஏரியில் இறங்குவோர் கூடினார்கள், கூடவே தகராறும். சாரா கோல்தார்ட் 2008-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த ஏரியையும் பாட்டையும் பற்றியதுதான்.

ஷேர்பாயிண்டில் வெளியார் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம், கம்பெனிக் கணக்கு இல்லாதவர். ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவரை அப்படி எந்தக் கணக்கில் வெளியார் என்பது? அனுமதி இல்லாத கோப்பைத் திறந்தால், 'அனுமதி கேட்கலாம்' என்று ஒரு பொத்தானாவது வரும். நிர்வாகிக்கு மடல் போகும். ஏரியில் யாரைக் கேட்பது? ஊர்ப் பஞ்சாயத்தைத்தான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களோ பாடு வைத்திருக்கும் குடும்பத்தார்.