எஞ்சின் நின்ற பிறகு

கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சாப்பாட்டு மேசையில், சென்ற குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் யாரும் உணவருந்தவில்லை. மேசை முழுவதையும் ஒரு கிளைடர் பிடித்துக்கொண்டிருந்தது. ஓர் இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு மீட்டர். கட்டியவர் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவியான பேத்தி. எஞ்சியிருந்தது ஒரே ஓர் உறுப்பு: மின்னணு வேகக் கட்டுப்படுத்தி. மாதிரி விமானம் பறக்கவிடுவோர் அதனை 'இஎஸ்சி' என்றே அழைப்பர்.

கிளைடருக்கு மோட்டார் எதற்கு என்று கேட்கலாம். மலைச்சரிவு உள்ள ஊர்களில் சரிவில் மோதி மேலெழும் காற்றே கிளைடரைத் தூக்கிவிடும். கங்கைச் சமவெளியின் கடைக்கோடியில் அமைந்த கொல்கத்தாவிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. அங்கு உயரத்தை மோட்டாரைக் கொண்டுதான் பெற்றாக வேண்டும். அரை நிமிடம் முழு விசையில் ஏறி, மோட்டாரை நிறுத்தி, வெப்பக் காற்றோட்டத்தைத் தேடி மிதப்பதே வழக்கம்.

பேத்தியின் தேர்வு முறையானது. மோட்டாரை மேசையில் இறுகப் பிணைத்து, மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரியில் முழு விசையில் ஓட்டி, வாட்மீட்டரால் அளந்தார். 22 ஆம்பியர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு, 30 ஆம்பியர் தாங்கும் கட்டுப்படுத்தியை வாங்கினார். உறையில் பெரிதாக அச்சிடப்பட்டிருந்த, பத்து விநாடி மட்டும் தாங்கும் உச்ச அளவை அவர் பொருட்படுத்தவில்லை. பத்து அங்குல விசிறிக்குப் பதில் பதினோரு அங்குலம் பூட்டினால், அதே சுழற்சி வேகத்தில் தேவைப்படும் திறன் ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும் என்பதையும் அறிந்திருந்தார். விட்டத்தின் நான்காம் அடுக்கில் அது உயர்கிறது. ஆகவே விசிறியை மாற்றுவதில்லை என்றும் முடிவு செய்தார்.

தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வினா எழுப்பினார்: "மோட்டார் நின்னுபோச்சுன்னா, வேற எது ஓடிக்கிட்டிருக்கும்?"

"அதான் நின்னுடுச்சே தாத்தா. அதுக்கப்புறம் என்ன இருக்கு?"

"அதுக்கப்புறம்தாம்மா இறக்கணும்."

அவர் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பயின்றவர். கல்கத்தாவிலேயே தயாரான அரோரா டீசல் எஞ்சின் பூட்டிய விமானங்களை, இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் வட்டமடிக்க விட்டவர். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் தீர்ந்ததும் எஞ்சின் அடங்கும். ஆயினும் கம்பி கையில் இருக்கும். அது தொய்யாதவரை விமானம் சொற்படி கேட்கும். பின்னர் வந்த ரேடியோ விமானங்களிலும் ரிசீவருக்கெனத் தனிச் சிறு பேட்டரி இருந்தது. எஞ்சின் நின்றாலும் வால் அசைந்தது. உந்துவதும் ஆள்வதும் வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்தன.

மின்மோட்டார் விமானங்கள் பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. பேட்டரியின் பதினோரு வோல்ட்டை ஐந்தாகக் குறைத்து ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் தரும் சுற்று ஒன்று அந்தக் கட்டுப்படுத்திக்குள்ளேயே உள்ளது, 'பெக்' என்பர். ஆக, அச்சிறு பலகைக்குத் தொழில் மூன்று: மோட்டாரைச் சுழற்றுவது, விசிறியை நிறுத்துவது, விமானத்தின் புலன்களை உயிரோடு வைத்திருப்பது. முதல் தொழிலைக் கொண்டு பெயரிட்டுவிட்டோம். பெயர் சுட்டாத தொழில்களைத் தேர்வு செய்பவரின் கண்ணும் எளிதில் காண்பதில்லை. கடையில் எல்லோரும் ஆம்பியரையே கேட்கின்றனர்.

அன்றிரவு பேத்தி கணக்கிட்டார். வாங்கிய கட்டுப்படுத்தியில் இருந்தது நேரியல் வகைப் பெக். அது மிகுதி வோல்ட்டை வெப்பமாக்கியே கழிக்கும். 11.1 வோல்ட்டிலிருந்து 5க்கு இறங்க, ஏறத்தாழ 6 வோல்ட் கழிய வேண்டும். கிளைடரில் ஆறு செர்வோக்கள். இறங்கும் நேரத்தில் ஃபிளாப்புகள் தாழ, அய்லரான்கள் உயர, வாலும் திருத்திக்கொண்டே இருக்க, ஆறும் ஒருசேர உழைக்கும். அப்போது 3 ஆம்பியர் இழுத்தால் 18 வாட் வெப்பம். சாந்தினி சந்தையில் விற்கும் 25 வாட் சால்டரிங் அயர்னின் முக்கால் பங்கு வெப்பத்தை, காற்றுப் புகாத குறுகிய உடலுக்குள், தீப்பெட்டி அளவுள்ள பலகை ஒன்று தாங்க வேண்டும். உறையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்ததோ 2 ஆம்பியர்.

மறுநாள் மேசையிலேயே சோதனை நடந்தது. பலகை கிளைடரின் உடலுக்குள் மூடப்பட்டது. மோட்டாரை இயக்காமல் ஆறு செர்வோக்களையும் இடைவிடாது அசைத்தார். ஏழாம் நிமிடத்தில் ரிசீவரின் விளக்கு அணைந்தது. ஃபிளாப்புகள் பாதி தாழ்ந்த நிலையில் உறைந்து நின்றன. பேட்டரியில் மின்சாரம் நிறைந்திருந்தது; மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. சூடு தணிந்ததும் விளக்கு தானாகவே எரிந்தது. இதுவே வானில் நேர்ந்திருந்தால், ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள பொருள் ஒன்று யார் சொல்லுக்கும் கட்டுப்படாமல், வயல் வரப்பில் வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை நோக்கி வந்திருக்கக்கூடும். உடைந்த துண்டுகளைப் பின்னர் ஆராய்ந்தாலும், ஆறிப்போன பலகை ஒழுங்காகவே இயங்கிக் காட்டும்; "சிக்னல் போய்விட்டது" என்று ரேடியோவைக் குறை கூறியிருப்பர்.

தீர்வு எளிது. 5 ஆம்பியர் தரும் தனிப் பெக் ஒன்றை வாங்கினார். அது ஸ்விட்சிங் வகை. வோல்ட்டை எரித்துக் கழிக்காமல் மாற்றித் தருவதால் குறைவாகவே சூடாகும். கட்டுப்படுத்தியிலிருந்து ரிசீவருக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் நடுவிலுள்ள சிவப்பை உருவி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கினார். பழைய பலகைக்கு இனி மோட்டார் மட்டுமே பொறுப்பு.

பின்னர் இரண்டு அமைப்புகள். முதலாவது பிரேக். மோட்டார் நின்றதும் விசிறியை உறுதியாக நிறுத்தினால்தான் அதன் மடக்கு இதழ்கள் உடலோடு படியும். இல்லையேல் காற்றில் வீணே சுழன்று கிளைடரைப் பின்னிழுக்கும். இரண்டாவது, பேட்டரி தளரும்போது மோட்டாரைக் கைவிடும் வோல்ட் அளவு. செல்லுக்கு 3.2 என வைத்தார். திடீரென நிறுத்தாமல் விசையைப் படிப்படியாகக் குறைக்கும் முறையைத் தேர்ந்தார். உந்துதலைத் துறந்து ஆளுகையைக் காப்பதே இவ்வமைப்பின் பொருள். தாத்தாவின் வினாவுக்கு விடை கட்டுப்படுத்தியை வடிவமைத்தவர்களிடமும் இருந்திருக்கிறது. வாங்குபவர்தான் அதைக் கேட்பதில்லை.

நகருக்கு வடக்கே டம்டம் விமான நிலையம், தெற்கே பெஹாலா ஓடுதளம். இரண்டையும் விட்டு வெகுதூரம் விலகி, ஆமன் நெல் அறுவடை முடிந்த வயல் ஒன்றில், பிப்ரவரியின் ஒரு முற்பகலில் கிளைடர் ஏறியது. அரை நிமிடத்தில் மோட்டார் ஓய்ந்தது. இதழ்கள் மடிந்தன. அதன் பின் பதினெட்டு நிமிடங்கள் ஓசையில்லை. இறுதியில் ஃபிளாப்புகள் தாழ, வைக்கோல் தாள்களுக்கு மேல் வழுக்கி வந்து நின்றது.

பேத்தி ஓடிச்சென்று உடலின் மூடியைத் திறந்து, தனிப் பெக்கின் மீது விரல் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடு.

"எப்படி இருக்கும்மா?" என்று வரப்பிலிருந்து தாத்தா கேட்டார்.

"தொட்டா சுடல தாத்தா."

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.