மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி

கேள்வி-பதில் பகுதிக்கு நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். "வாழை இலை கருகுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரே வரி. அடி இலையிலா குருத்திலா, ஓரத்திலா நடுவிலா, எத்தனை நாளாக என்று எதையும் எழுதவில்லை. பதில் வருவதற்குள் இலைப்புள்ளி நோய் என்று நானே முடிவுகட்டி 2 முறை மருந்தும் அடித்துவிட்டேன். பிறகு தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, போர் தண்ணீரில் உப்பு ஏறிக் கிடந்தது. அந்த வருடம் பாதித் தார்கூடத் தேறவில்லை.

அந்தச் சூடு ஆறாததால்தான், போன பிப்ரவரியில் என் மகன் போனில் கலங்கிப் பேசியபோது சில கேள்விகள் கேட்க முடிந்தது.

நாங்கள் திருச்சி கே.கே. நகரில் இருக்கிறோம், நிலம் நவலூர் குட்டப்பட்டு பக்கம். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. அடுக்குமாடி வீட்டில் மண்ணைத் தொட வழியில்லை என்று 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, பண்ணையில் வளர்த்து அனுமதியோடு விற்கும் பவளங்களை வாங்கி வளர்க்கிறான். அவற்றில் 3 மான்கொம்புப் பவளங்கள். 4 வருடம் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவை.

"அப்பா, பவளம் வெள்ளையாகுதுப்பா. ஏதோ நோய். மருந்து ஆர்டர் போடப் போறேன்."

"இருடா தம்பி. வெளுத்துருக்கா, உரிஞ்சிருக்கா?"

அவனுக்கே அது உடனே விளங்கவில்லை. பவளம் கல்லைப் போலத் தெரிந்தாலும் உயிருள்ள பிராணி. சுண்ணாம்பு எலும்பின்மேல் மெல்லிய சதை, அந்தச் சதைக்குள் சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி. கடல் சூடேறினால் பாசி வெளியேறிவிடும். சதை கண்ணாடி போல நிற்கும், அதனூடே எலும்பின் வெள்ளை தெரியும். அதுதான் வெளுப்பு. 2010-லும் 2016-லும் நம் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். சூடு சீக்கிரம் தணிந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. சதையே உரிந்து போவது வேறு கதை. உரிந்த இடம் வெறும் எலும்பு, சில நாளில் பச்சைப்பாசி படர்ந்துவிடும். இரண்டும் போட்டோவில் ஒரே வெள்ளைதான்.

லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சதை இல்லப்பா. உரிஞ்சு போச்சு."

"எங்க ஆரம்பிச்சுது?"

"அடியில. மேல நுனி நல்லாத்தான் இருக்கு."

"எத்தனை நாளா?"

"3 வாரம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா ஏறுது."

ராத்திரியோடு ராத்திரியாகச் சதை முழுக்கக் கழன்று விழுவதும் உண்டாம். அப்படியிருந்தால் யோசிக்க நேரமில்லை, நல்ல கிளையை உடனே வெட்டித் தனியே வைக்க வேண்டும் என்றான். இது அப்படி இல்லை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தும் பார்த்தான், சதை தின்னும் நத்தையோ தட்டைப்புழுவோ இல்லை. பக்கத்திலிருந்த தோல் பவளங்கள் சும்மா இருந்தன. 3 மான்கொம்புக்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, அடியிலிருந்து.

வயலில் ஒரே நேரத்தில் எல்லா மரமும் ஓரம் கருகினால் நாம் எதைப் பார்ப்போம்? தண்ணீரைத்தானே?

"அதுக்கு முந்தி என்னடா மாத்துன?"

"ஒண்ணுமே மாத்தலப்பா. பொங்கலுக்கு 10 நாள் ஊருக்கு வந்தேன், அவ்ளோதான்."

"அந்த 10 நாள் யாரு பாத்துக்கிட்டா?"

நண்பர் ஒருவர். தினமும் ஆவியாகும் 3 லிட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தான். நல்ல மனிதர், கடல் தொட்டி ஆயிற்றே என்று உப்பு கலந்து வைத்திருந்த வாளியிலிருந்து ஊற்றியிருக்கிறார்!

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. போர் தண்ணீர் பாய்ச்சும் நமக்கு இது பாடம் எடுத்துத் தெரிய வேண்டியதில்லை, கோடையில் மண்மேல் பூக்கும் வெள்ளையே சொல்லும். போனிலேயே கணக்குப் போட்டோம். 3 லிட்டர் வீதம் 10 நாள், 30 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. 35 இருக்க வேண்டிய இடத்தில் 40. அளந்து பார்த்தான். 40-தான்.

"பொங்கலுக்கு முன்னாடி அளந்ததோட சரிப்பா. எப்பவும் சரியாத்தானே இருக்கும்னு..."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மண் பரிசோதனை அட்டையை 6 வருடம் பீரோவில் வைத்திருந்தவன் என்ன சொல்ல முடியும்?

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவன் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறான். ஆனால் ஏறிய உப்பு தானாக இறங்காதே. ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மிச்சமும் போய்விடும். தினம் 5 லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விட்டான். நாளுக்கு ஒரு புள்ளி வீதம் இறங்கி ஒரு வாரத்துக்குள் 35-க்கு வந்தது. மருந்து வாங்கவே இல்லை.

இதைக் கேட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன், "நானும் பவளம் வளர்க்கட்டுமா மாமா?" என்றான். மீன் வளர்த்துக்கொள் என்றேன். கல் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, யானை, புலியோடு ஒரே வரிசையில். ராமேஸ்வரம் கரையில் கிடக்கும் செத்த துண்டை எடுத்து வந்தாலும் குற்றம்தான். கடையில் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3-ல் ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டில் வெள்ளை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. ஒன்றின் நுனியில் புதிதாக முளை விட்டிருப்பதாகப் படம் அனுப்பினான். வாழைக் கன்று பார்ப்பது போல என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

நண்பரிடம் இன்னும் சொல்லவில்லையாம், மனசு வருத்தப்படுவார் என்று. சொல்லிவிடு என்றேன். அடுத்த பொங்கலுக்கும் அவர்தானே தண்ணீர் ஊற்ற வேண்டும்.