கையேடு சொல்லாமல் சொல்வது

நீரிணைப்புடன் இயங்கும் பெரிய ஃபிரிட்ஜ்களின் கையேட்டில் ஓர் எளிய அறிவுறுத்தல் இருக்கும்: பெட்டியைக் குடிநீர்க் குழாயுடன் இணைக்க வேண்டும். இலக்கணப்படி அது ஏவல். ஆனால் அந்த ஏவலுக்குள் ஒரு செய்தி முன்னரே இடம்பிடித்திருக்கிறது: வீட்டில் குடிநீர்க் குழாய் என்று ஒன்று உண்டு. ‘இணைக்காதீர்கள்’ என எதிர்மறையாக்கினாலும் அச்செய்தி அழிவதில்லை. மொழியியலார் இதனை முன்அனுமானம் என்பர். இந்தியச் சமையலறைகளில் மிகப் பலவற்றில் இந்த முன்அனுமானம் பொய்த்துவிடுகிறது. 2021இல் ஒடிசாவின் புரி நகரம், குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீரை நாள் முழுவதும் வழங்கத் தொடங்கியது. அது நாடெங்கும் செய்தியாயிற்று. அது செய்தியானதிலிருந்தே மற்ற நகரங்களின் நிலையை அறிந்துகொள்ளலாம்.

பெங்களூரில் ஓர் இரண்டாம் தளத்து வீட்டில் எழுபதைக் கடந்த பெண்மணி ஒருவர் தனியே வாழ்கிறார். அவர் குடிப்பது கேன் தண்ணீர். 20 லிட்டர் கேனின் எடை 20 கிலோவுக்குச் சற்று மேல். கொண்டுவருபவர் அதை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். உள்ளே உருட்டிச்சென்று தூக்கிக் கவிழ்ப்பது அவர் பொறுப்பு. தோள்மூட்டு அதற்கு இனி இடம்கொடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். வெளியூரில் பணிபுரியும் மகள், கதவில் குவளையை வைத்து அழுத்தினால் குளிர்ந்த நீர் தரும் பெட்டியை வாங்கித் தர முடிவுசெய்தார். வேலை எளிது என்றே தோன்றியது: கால் அங்குலக் குழாய், தனியான ஒரு வால்வு, பெட்டியை முன்னால் இழுக்கும்போது முறியாதிருக்கப் பின்புறத்தில் சுருட்டிவிட்ட சிறிது மிகைநீளம்.

முதல் தடை அழுத்தம். இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் குறைந்தது 1.4 பார் அளவுக்கு அழுத்தம் கேட்கும். பத்து மீட்டர் உயர நீர்மட்டம் தருவது ஏறத்தாழ 1 பார். மொட்டைமாடித் தொட்டிக்கும் அந்தச் சமையலறைக் குழாய்க்கும் இடையே நான்கு மீட்டர்கூட இல்லை, கிடைப்பது 0.4 பாருக்கும் குறைவு. அழுத்தம் போதாவிடில் பனிக்கட்டி சிறுத்துப்போகும் என்பதோடு நிற்காது. உட்புற மின்வால்வு இறுக மூடாமல் சொட்டவும் கூடும். காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றி அந்நகருக்குக் கொண்டுவருகிறார்கள். அத்தனை உயரம் ஏறி வந்த நீருக்குக் கடைசிப் பத்து மீட்டர் போதாமற்போகிறது.

இரண்டாம் தடை நீரின் தன்மை. காவிரி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், கோடையில் டேங்கர் நீர் ஆகிய மூன்றும் அக்கட்டடத்தின் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கரைந்த திண்மங்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமையும், கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமையும் ஏற்கத்தக்க அளவாக வகுத்துள்ளது. பெட்டியோடு வரும் கரி வடிகட்டி குளோரின் மணத்தையும் சுவையையும் குறைக்கும், உப்பைக் குறைக்காது. ஆகவே பெட்டிக்கு முன்னால் ஆர்.ஓ. கருவி வேண்டும். சுவரில் மாட்டும் வழக்கமான ஆர்.ஓ.வின் தொட்டியிலோ அழுத்தமே கிடையாது. அதிலிருந்து நீர் தன் எடையால் மட்டுமே இறங்கும். சிங்க்கிற்குக் கீழே வைக்கும் அழுத்தத் தொட்டி வகையோ தனி பூஸ்டர் பம்போ தேவை. ஒவ்வொரு கருவியும் புதிய இணைப்புகளைக் கொண்டுவரும். ஒவ்வோர் இணைப்பும் என்றேனும் கசியக்கூடிய இடம். இரவில் கசிந்தால் மேல்தொட்டி முழுவதும் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் இறங்கும்.

கணக்கை எல்லாம் கேட்டு முடித்த தாய், தமக்குக் குளிர்ந்த நீர் என்றுமே பிடித்ததில்லை என்றார். தூக்காமல் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். மகள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்விக்கு விடை கடைசியில் வந்தது. திட்டம் தலைகீழானது. முதலில் ஆர்.ஓ. மட்டும், அது வெளியேற்றும் நீர் வீணாகாமல் தரை துடைக்க ஒரு வாளியில் சேரும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது, கையால் நீர் ஊற்றும் உட்தொட்டி கொண்ட வகையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு சிறு கூஜாவைத் தூக்கத் தோள் மறுக்காது. நீரிணைப்புக்கென ஒரு கிளைக்குழாயை மூடியிட்டு விட்டுவைத்தால் பின்னாளில் உதவும்.

வால்வின் இடம் மட்டும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. வழக்கம்போல் சிங்க்கிற்கு அடியில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்றார் குழாய்ப் பணியாளர். தாம் குனிய முடியாது, கசிந்தால் மூட வேண்டியவரும் தாமே என்றார் அப்பெண்மணி. மேடைக்கு மேலே, பார்வைக்கு அழகில்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில் அதைப் பொருத்தினார்கள். வேலை முடிந்ததும் அவர் அதை இருமுறை மூடித் திறந்து பார்த்தார்.