காற்றுக்கு விலை கொடுக்குமுன்



கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், நன்மங்கலம் பகுதிகளில் நம் சமுதாயத்தவர் பலர் சரக்கு வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்துகின்றனர். பழம், மரச்சாமான், தண்ணீர் கேன், பழைய இரும்பு என எதை ஏற்றினாலும், மாதத் தவணை, டீசல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் மூன்றும் அந்த ஒரு வண்டியின் வாடகையிலிருந்தே வர வேண்டும்.

நம்மிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை அண்மையில் கேட்டார்: "ஹஜ்ரத், வண்டியில காத்து இழுக்கிற செட்டையே மாத்திட்டா பிக்கப் கூடும், மைலேஜும் கிடைக்கும்னு கடையில சொல்றாங்க. பதினஞ்சாயிரம் ஆகுமாம். வீட்டு நகையை வச்சிடலாமான்னு பாக்கறேன்." நம் தந்தையார் லாரிப் பட்டறையில் உழைத்தவர், இன்ஜின் இறக்கும் இடத்தில் வளர்ந்த நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. ஆலோசனையும் ஓர் அமானிதமே என்பதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று தேவை. 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் 500 நிரம்பும் அளவு அது. ஆகவே காற்றுக்கு வழியை அகலமாக்கினால் ஆற்றல் பெருகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் டீசல் இன்ஜின், எரிவதற்குத் தேவையானதைவிட அதிகமான காற்றை எப்போதுமே உள்ளிழுக்கிறது. அதன் இழுவையைத் தீர்மானிப்பது தெளிக்கப்படும் டீசலின் அளவு. அதைப் பழைய வண்டிகளில் பம்பும், புதிய வண்டிகளில் கணினியும் கட்டுப்படுத்துகின்றன. டீசலின் அளவு மாறாதிருக்கக் காற்றின் வழியை மட்டும் அகலமாக்கினால் சொல்லத்தக்க பயன் விளையாது.

2005இல் வந்த டாடா ஏஸை, நம் மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் வண்டியை, எடுத்துக்கொள்வோம். 702 சி.சி. டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். காற்று செட்டை மாற்றி நூற்றுக்கு இரண்டு கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், கிடைப்பது ஒரு குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்குதான். லோடு ஏற்றிய வண்டியில் அதை உணரவே முடியாது.

நன்மைக்குப் பதில் கேடு விளையவும் வழியுண்டு. சில செட்டுகளில் மூடிய பெட்டியை அகற்றிவிட்டு, திறந்த கூம்பு வடிவ ஃபில்டரை இன்ஜினருகே பொருத்துகின்றனர். அது வெளிக்காற்றுக்குப் பதிலாக இன்ஜினின் வெப்பக் காற்றையே இழுக்கிறது. காற்றின் வெப்பம் 3 டிகிரி உயர்ந்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ நூற்றில் ஒன்று குறையும். நிறுவனத்தார் குழாயை வெளிப்புறம் நோக்கி வைத்ததும், பெரிய லாரிகளில் கேபினுக்குப் பின்னால் உயர்த்தி வைத்ததும் குளிர்ந்த, தூசி குறைந்த காற்றைப் பெறவே.

தூசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மெட்ரோ ரயில் பணிகள் நடக்கும் நம் மேடவாக்கம் சாலையில் ஒரு முறை சென்று வந்தாலே சட்டைக் காலர் நிறம் மாறிவிடும். அந்த நுண்மணல் உள்ளே புகுந்தால் ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும். பின்பு வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், இன்ஜினை இறக்க வேண்டி வரும். தாராளமாகக் காற்று விடும் ஃபில்டர், நுண்தூசியையும் தாராளமாகவே விட்டுவிடக் கூடும்.

அப்படியானால், மாற்றியவர்கள் "பிக்கப் கூடியது" என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. அடைபட்ட பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதிய செட்டைப் போட்டார்கள். எந்தச் சுத்தமான ஃபில்டரைப் போட்டிருந்தாலும் அந்த வேறுபாடு தெரிந்திருக்கும். கூடவே இன்ஜின் காற்றிழுக்கும் ஓசையும் பெருகுவதால் வேகம் கூடியதாக மனம் நம்புகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினி வழி எரிபொருள் தெளிக்கும் பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டரை மாற்றியபோது வேகமெடுக்கும் திறன் கூடியது. மைலேஜோ குறிப்பிடும்படி கூடவில்லை.

பந்தய வண்டிகளில் காற்று, டீசல், டர்போ, புகைக்குழாய் அனைத்தையும் சேர்த்தே மாற்றுகின்றனர். அங்கே பயன் உண்டு. ஆனால் பிழைப்புக்கான வண்டி அதற்கானதன்று. மேலும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் நிறுவனத்தார் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே அளவுள்ள ஃபில்டரை மாற்றுவதில் சிக்கலில்லை. அமைப்பையே மாற்றுமுன் எஃப்.சி.யையும் வாரண்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே அந்தச் சகோதரரிடம், நகை வீட்டிலேயே இருக்கட்டும் என்றோம். முதலில் நிறுவனத்தின் அசல் ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் மாற்றுங்கள். டயர்க் காற்றைச் சரிபாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, டர்போக் குழாயில் கசிவு உண்டா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் டேங்கை நிரப்பி, அதே லோடுடன் அதே 200 அடிச் சாலையில் ஒரு வாரம் ஓட்டிக் கணக்கெழுதுங்கள். அந்தக் கணக்கைவிட நல்ல கணக்கை, தம் செட்டைப் பொருத்தி விற்பவர் காட்டட்டும், அப்போது யோசிக்கலாம்.

சரக்கின் குறையையும் சேர்த்துச் சொல்லி விற்பது வியாபாரியின் கடமை. கேட்டறிந்து வாங்குவது குடும்பத்தின் பொருளைக் காப்பவரின் கடமை. வண்டி வைத்திருக்கும் உங்கள் உறவினருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். வீண்விரயத்திலிருந்து நம்மைக் காத்து, ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.