ஆண்டிறுதி ஐந்தொகை

ஆண்டின் இறுதி நாட்கள் கணக்குப் பார்க்கும் நாட்களாகும். கடைக்காரர் இருப்பெடுத்து ஐந்தொகை போடுகின்றார். சங்கங்கள் வரவு செலவை ஒப்புநோக்குகின்றன. பாடசாலைகள் மாணவரின் தேர்ச்சி அறிக்கைகளை எழுதி முடிக்கின்றன. வாடைக் காற்று வீச, மாரி மழை விட்டு விட்டுப் பெய்ய, திருவெம்பாவைக் காலத்து விடியலிலே சங்கும் சேமக்கலமும் தெருவழியே ஒலித்துச் செல்லும் அப்பருவத்தில், கல்வி பயிலும் இளைஞர் பலரும் தத்தம் நாட்குறிப்பின் கடைசித் தாள்களைத் திறந்துகொண்டு அமர்கின்றனர். வாசித்த நூல்கள், பார்த்த நாடகங்களும் திரைப்படங்களும், எய்திய சித்திகள் என மூன்று நிரல்கள் அத்தாள்களில் எழுகின்றன. நிரல் நீண்டால் ஆண்டு பயனுடையதாயிற்று என்ற மகிழ்ச்சி. குறுகினால் வீணாயிற்று என்ற ஏக்கம்.

இவ்வழக்கம் எள்ளி நகையாடத் தக்கதன்று. தன்னைத் தானே வினவிக்கொள்ளாத மனிதன் காலத்தின் கையிலே வெறுஞ் சருகாகி விடுகின்றான். ஆயின், கணக்கைச் சரியாகப் போடுவதற்கு எண்கள் மட்டும் போதா. அளவையும் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். நெல்லை அளக்கும் கொத்தினால் நெய்யை அளத்தல் இயலாது. நூலையும் கலையையும் மனித முயற்சியையும் அளப்பதற்கு ஓர் ஆண்டு என்பது ஏற்ற அளவைதானா? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு, வடமராட்சியின் மேற்கெல்லையிலே கடலை நோக்கி வாய் திறந்து கிடக்கும் தொண்டைமானாறு என்னும் சிற்றூர் பல செய்திகளைக் கூறுகின்றது.

அவ்வூரின் பெயரே முதற் சான்றாகும். கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும் பொருட்டு இந்நீர்வழியை வெட்டித் திருத்தினான் என்பது யாழ்ப்பாணத்து மரபுச் செய்தி. ஐதிகம் எவ்வாறாயினும், அவனது கலிங்கப் படையெடுப்பைப் பாடுபொருளாகக் கொண்ட சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழரால் கற்கப்பட்டு வருகின்றது. ஏற்றப்பட்ட உப்பின் கணக்கு எவர் கையிலும் இன்று இல்லை. பாட்டும் பெயருமே எஞ்சின.

ஆறு என வழங்கினும் அது உண்மையில் ஆறன்று. குடாநாட்டின் உட்புறமாகத் தென்கிழக்கு நோக்கி நீண்டு செல்லும் கடல்நீரேரியின் வாயிலே அது. செல்வச் சந்நிதி முருகன் ஆலயம் அதன் கரையில் அமைந்துள்ளது. மழை நீர் வீணே கடலிற் கலப்பதையும், கோடையில் உவர்நீர் உள்ளே புகுவதையும் தடுப்பதற்கென அவ்வாயிலின் குறுக்கே கதவுகளுடன் கூடிய தடுப்பணை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைக்கப்பட்டது. அதன் செயன்முறை எளியது. மாரியிலே பெருகும் மிகை நீரைக் கதவு திறந்து கடலுக்கு விடுதல். மழை ஓய்ந்ததும் கதவடைத்து எஞ்சிய நன்னீரைத் தேக்குதல். அந்நன்னீர் ஏரிப் படுக்கையில் ஊறிக் கிடக்கும் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். அடுத்த மாரியின் வெள்ளம் அதனை வெளியேற்றும். ஒரு மாரியிலே ஏரி இனித்துவிடுவதில்லை. ஆண்டின் மேல் ஆண்டாக இச்செயல் தொடர்ந்தாலன்றி நிலத்தின் உவர்ப்பு நீங்காது. கதவுகள் பழுதுற்ற காலங்களில் கடல்நீர் மீண்டும் உட்புகுந்து, முன்னைய ஆண்டுகளின் பயனை அழித்ததும் உண்டு. எந்த ஒரு டிசெம்பர் 31 அன்றும் அந்நீரை நாவிலிட்டுப் பார்ப்பவனுக்கு உவர்ப்பே தெரியும். அதனாற் பயனில்லை என்று அவன் தீர்ப்பளிப்பானாயின் பிழை நீரினது அன்று.

நூல்களின் நிரலை இவ்வுண்மையின் ஒளியில் நோக்குதல் வேண்டும். தொண்டைமானாற்றைச் சேர்ந்த எழுத்தாளர் குந்தவையின் முதற் சிறுகதை 1963 ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்தது. அவரது 'யோகம் இருக்கிறது' என்னும் சிறுகதைத் தொகுதி நூலுருப் பெற்றது 2002 ஆம் ஆண்டிலாகும். இடையே கழிந்தவை முப்பத்தொன்பது ஆண்டுகள். அவர் எழுதியவை எண்ணிக்கையிற் சில. எனினும் போரின் நடுவே இடம்பெயர்ந்தும் எஞ்சியும் வாழ்ந்த எளிய மனிதரின் அகநிலையை ஆரவாரமின்றிக் காட்டிய கதைகளாக அவை மதிக்கப்படுகின்றன. அம்முப்பத்தொன்பது ஆண்டுகளின் ஒவ்வோர் இறுதியிலும் 'இவ்வாண்டு வெளியிட்ட நூல்' என்று ஒரு நிரல் இடப்பட்டிருக்குமாயின், அது ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே இருந்திருக்கும். அவ்வெற்றிடங்களிலேதான் வாழ்க்கை கூர்ந்து நோக்கப்பட்டது. சொல் சுண்டக் காய்ச்சப்பட்டது.

எழுதுவோர்க்கு உரிய இவ்விதி வாசிப்போர்க்கும் உரியதே. ஓர் ஆண்டில் நாற்பது நூல்களைப் புரட்டியவரின் பட்டியல் பார்வைக்கு நிறைவானது. ஆயினும் ஒரு நூலை மும்முறை வாசித்து, அதனுடன் வாதிட்டு, ஓராண்டு கழித்தும் அதிலிருந்து விடுபட இயலாது தவிப்பவரின் பட்டியலில் ஒரு வரியே இருக்கக் கூடும். வாசித்தபொழுது விளங்காத நூல், வாசகனுக்கு ஒரு துயரோ பிரிவோ நேர்ந்த பின்னர், பத்தாண்டு கடந்து திடீரென விளங்குவதும் உண்டு. அதனை எவ்வாண்டின் கணக்கிலே சேர்ப்பது? மேலும், இம்மண்ணிலே நூல்கள் எப்பொழுதும் கைக்கெட்டும் பொருளாக இருந்ததில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அடுத்து வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளிலே இருந்தவையும் அழிந்தன. கையில் நூலில்லாத ஆண்டுகளில் நினைவிலிருந்த நூலே துணையாயிற்று. நெஞ்சிலே தங்கியது எதுவோ அதுவே அக்காலத்தில் இருப்பெனக் கொள்ளப்பட்டது.

பார்த்தவற்றின் நிரலும் இவ்வாறே மறுபரிசீலனைக்கு உரியது. ஆண்டின் சிறந்த ஆற்றுகை எது என வினவும் இன்றைய வழக்கம் புதுமையை முதன்மையாகக் கொள்கின்றது. சென்ற ஆண்டு பார்த்ததை இவ்வாண்டும் எழுதுவது குறைவெனக் கருதப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடிய விடிய அமர்ந்திருந்த மக்கள் அவ்வாறு கருதவில்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகத் தோன்றிய 'மயான காண்டம்' எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முறை மேடையேறியது. கதையின் முடிவை அறியாதார் அவையில் ஒருவரும் இலர். எனினும் மீண்டும் மீண்டும் சென்றனர். மீண்டும் மீண்டும் அழுதனர். தந்தையை இழந்த ஆண்டிலே அதனைப் பார்த்தவனும், முதற் பிள்ளை பிறந்த ஆண்டிலே பார்த்தவனும் ஒரே நாடகத்தைப் பார்த்தாரல்லர். சின்னமணியின் வில்லிசைக்குப் பாயும் தலையணையுமாகச் சென்றவர்களுக்கும் இது பொருந்தும். கலை அங்கே ஆண்டுக்கொரு முறை நுகர்ந்து கழிக்கும் பண்டமாக இருக்கவில்லை. வாழ்வின் வளர்ச்சியை அளந்து பார்க்கும் கோலாக இருந்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1985 ஆம் ஆண்டு குழந்தை ம. சண்முகலிங்கம் எழுத, க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்த 'மண் சுமந்த மேனியர்' அந்த ஆண்டின் நெருக்கடியிலிருந்தே பிறந்தது. ஊர் ஊராகச் சென்ற அந்நாடகம் மக்கள் வாய்விட்டுச் சொல்ல இயலாதவற்றைச் சொல்லிற்று. காலத்தின் அவசரத்திற் பிறந்தது என்பதனால் அது காலத்தோடு கழிந்துவிடவில்லை. ஈழத்து நாடக வரலாற்றை எழுதுவோர் அதனைக் கடந்து செல்ல இயலாது. பழமையோ புதுமையோ ஒரு படைப்பின் தகுதியை முடிவு செய்வதில்லை. அதனைக் கண்டவரிடத்து அது என்ன செய்தது என்பதே வினா.

மூன்றாவது நிரலாகிய சாதனையே இளைஞர் உள்ளத்தைப் பெரிதும் வாட்டுவது. சாதனை என்ற சொல்லுக்கு இப்பகுதியின் கடல் தனிப் பொருள் தந்திருக்கின்றது. 1954 ஆம் ஆண்டு தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அதனை நீந்திக் கடந்த முதல்வர் அவரே. பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1971 இல், வல்வெட்டித்துறை ஈன்ற வி. எஸ். குமார் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மீண்டும் தலைமன்னாருக்கு 51 மணி நேரத்தில் திரும்பினார். மக்கள் அவரை ஆழிக்குமரன் என அழைத்தனர்.

ஆனந்தனின் பெயர் கின்னஸ் சாதனை நூலிலே பல முறை இடம்பெற்றது. 1980 ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பிலே ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றமை அவற்றுள் ஒன்றாகும். இரண்டு ஆண்டுகளும் நிறைவதற்கு முன், 1982 ஏப்பிரலில், தமிழ்நாட்டின் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த ரவி என்பவர் 34 மணி நேரம் நின்று அதனை விஞ்சினார். எண்ணாற் பெறும் புகழின் இயல்பு இதுவாகும். அதனை விஞ்சுதற்கு இன்னோர் எண் எங்கோ காத்திருக்கின்றது. 1984 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6 ஆந் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிர் நீத்தார். அவ்வாண்டின் கணக்கேட்டை மட்டும் புரட்டுவோன் அங்கே காண்பது முற்றுப்பெறாத ஒரு முயற்சியையும் ஓர் இழப்பையுமே. ஆனால், பாக்கு நீரிணையைக் கடக்கலாம் என்று 1954 இல் ஒருவர் காட்டினார். இருமுறை தொடர்ந்து கடக்கலாம் என்று 1971 இல் மற்றொருவர் காட்டினார். ஒருவரின் முடிவு மற்றொருவரின் தொடக்கமாயிற்று. இத்தொடர்ச்சியை மணிக் கணக்காகவோ ஆண்டுக் கணக்காகவோ எழுத இயலாது.

இன்றைய மாணவரின் சாதனை நிரலில் முதலிடம் பெறுவது பரீட்சைப் பெறுபேறு. வடக்கின் உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தொண்டைமானாறு என்றவுடன் நினைவுக்கு வருவது கடலும் கோயிலும் அல்ல. அங்குள்ள வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகளே. அவ்வினாத்தாள்களோடு இராக் கண்விழித்தோர் பல்லாயிரவர். புள்ளிகள் வேண்டாதவை எனக் கூறுதல் வசதி படைத்தோரின் வீண் பேச்சாகும். ஓர் ஏழைக் குடும்பத்தின் நாளைய சோறு அப்புள்ளிகளிலே தங்கியிருக்கின்றது. ஆயினும் புள்ளி குறைந்த ஆண்டைத் தம் வாழ்விலிருந்தே வெட்டி எறிய நினைக்கும் இளைஞர் இருக்கின்றனர் என்பதும், அந்நினைவு சிலரை மீளா எல்லை வரை இட்டுச் செல்கின்றது என்பதும் ஆசிரியர் அறிந்த உண்மைகள். கணக்கின் அளவை பிழைத்தால் உயிரே செலவாக எழுதப்பட்டுவிடும்.

அத்தகையோர் தம் பெற்றோரின் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் நலம். 1987 இல் வடமராட்சியிலே இராணுவ நடவடிக்கை நிகழ்ந்தது. 1995 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே பெயர்ந்தனர். அவ்வாண்டுகளின் இறுதியில் எவரும் நூற்பட்டியல் எழுதவில்லை. பிள்ளைகள் பசியாறினர், வீட்டார் உயிரோடு இருந்தனர், மர நிழலிலேனும் பாடம் தொடர்ந்தது என்பனவே அவர்களுடைய ஐந்தொகை. அக்கணக்கிற்குச் சான்றிதழ் வழங்கப்படவில்லை. இன்று பட்டியல் எழுத அமரும் பிள்ளையே அதற்குச் சான்றாகின்றான்.

எனவே ஆண்டிறுதிக் கணக்கைக் கைவிட வேண்டுவதில்லை. அதனை ஒரு வணிகனைப் போலவே நேர்மையாகப் போடுதல் வேண்டும். தேர்ந்த கணக்காளர் எவரும் ஆண்டோடு ஏட்டை மூடி எறிந்துவிடுவதில்லை. வரவையும் செலவையும் எழுதி, அடியிலே 'மீதி கொண்டு செல்லப்பட்டது' என்று குறித்து, அத்தொகையையே புதிய ஏட்டின் முதல் வரியாக இடுவர். நாட்குறிப்பு எழுதும் மாணவரும் நாற்பது நூல்களின் கீழே, இன்னும் முடிவுறாத வாதம் எந்நூலோடு என்று ஒரு வரி எழுதலாம். பார்த்த நாடகங்களின் கீழே, மீண்டும் பார்க்க விழைவது எது என எழுதலாம். பெற்ற சித்திகளின் கீழே, தாம் கற்றதில் எதனை எவருக்குக் கற்பித்தனர் என எழுதலாம். மூன்று நிரல்களும் வெறுமையாக அமைந்த ஆண்டாயின், மழை பெய்தது, கதவு அடைத்தே இருந்தது, உப்புச் சிறிது கரைந்தது என்று எழுதினாலும் அது பொய்யாகாது.