வலிக்குக் காத்திருந்தவர்

மூக்கின் நடுச்சுவரை நேராக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து கண்விழித்த ஆய்வு மாணவர் முதலில் மூக்கைத்தான் தொட்டுப் பார்த்தார். இரு துளைகளும் அடைக்கப்பட்டிருந்தன. வாயால் மூச்சு விட்டபடி வலிக்காகக் காத்திருந்தார், வலி வரவில்லை.

அவர் மயக்கத்தில் இருந்தபோதே, கண்குழிக்குச் சற்றுக் கீழே எலும்புத் துளை வழியே வெளிப்படும் நரம்பின் அருகிலும், நாசியின் பின்கோடியிலுள்ள நரம்புமுடிச்சின் அருகிலும் மருத்துவர் புபிவகெயின் செலுத்தியிருந்தார். நரம்பிழைகளின் சோடியம் வாயில்களை அம்மருந்து அடைத்துவிடும்; வலிச் செய்தி மூளையை எட்டாது. மூக்கு அடைபட்டவருக்கு மார்பினை மிகுதியாகக் கொடுத்தால் மூச்சு மேலும் மந்தமாகும், குமட்டலும் சேரும். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

இதன் தொடக்கம் துயரமானது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கோகெயினால் கண்ணை மரத்துப்போகச் செய்தார். விரைவிலேயே நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் அம்மருந்தை நரம்பருகே செலுத்தித் தம்மீதும் தம் தோழர்கள்மீதும் சோதித்தார்; முகத்தின் நரம்புகளும் அவற்றுள் அடங்கும். அவர் கோகெயினுக்கு அடிமையானார். அதிலிருந்து மீட்க அளிக்கப்பட்ட மார்பின் பின்னர் அவரை விடவே இல்லை. அவர் மறைந்தது 1922இல். நண்பர் ஆஸ்லர் எழுதி வைத்த இரகசியக் குறிப்பு 1969இல்தான் வெளிவந்தது.

இரவில் மாணவரின் கன்னத்தில் உணர்வு மெல்லத் திரும்பியது. மரமரப்பு விலகுமுன்பே செவிலியர் பாரசிட்டமால் கொடுத்திருந்தார். காலையில் அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டில் மார்பின் இடம்பெறவில்லை.