ஒரு சொட்டு நீலம், ஒரு சொட்டு மஞ்சள்



கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளித் திடலிலோ இரத்த தான முகாம் நடக்கும்போது கவனித்திருப்பீர்கள். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. வெள்ளைத் தட்டில் இரண்டு மூன்று சொட்டு இரத்தம். ஒன்றன்மேல் நீல நிறத்தில் ஒரு சொட்டு மருந்து, இன்னொன்றன்மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கித் தட்டை மெல்ல ஆட்டுவார்கள். நீலத்தில் இரத்தம் திப்பி திப்பியாகத் திரண்டால் நீங்கள் 'ஏ' பிரிவு. மஞ்சளில் திரண்டால் 'பி'. இரண்டிலும் திரண்டால் 'ஏபி'. இரண்டிலும் அசையாமல் அப்படியே கிடந்தால் 'ஓ'. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கச் சிரமமே இல்லை. ரப்பர்ப் பாலில் ஆசிட் ஊற்றியதும் கட்டுகிறதே, பார்ப்பதற்கு அந்த மாதிரிதான்.

முப்பது ஆண்டுகள் இந்தச் சொட்டுகளோடு குடும்பம் நடத்தியவன் நான். அரசாங்க மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லாபு பக்கத்தில் ஒரு முகாமில், வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏன் தம்பி, ரத்தத்த நாங்க சும்மாதானே குடுக்குறோம்? அதுக்கு ஏதோ லட்சக்கணக்குல செலவாகுதுன்னு சொல்றாங்களே, அது என்னா கணக்கு?" "இந்தச் சொட்டுதாங்கய்யா கணக்கு" என்று நீலப் புட்டியைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. "இத்தனூண்டு புட்டியா!" என்று சிரித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், எனக்கும் பேச நேரமில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கையிலிருந்து இறங்கும் இரத்தப் பை நேரே நோயாளியின் கட்டிலுக்குப் போவதில்லை. பிரிவு பார்க்க வேண்டும். ரீசஸ் பார்க்க வேண்டும். மேகநோய், பி வகை, சி வகை மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமி எல்லாம் பார்க்க வேண்டும். எய்ட்ஸ் சோதனை நம் நாட்டில் 1986 முதல் நடக்கிறது. பிறகு நோயாளியின் இரத்தத்தை எடுத்து, அதன் பிரிவையும் பார்த்து, இந்தப் பையோடு பொருந்துகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து. கூடத்தில் 'ரீஏஜண்ட்' என்போம். இங்கே சோதனை மருந்து என்றே எழுதுகிறேன். ஏறக்குறைய அத்தனையும் கப்பலிலும் விமானத்திலும் வருபவை.

அந்த மருந்து எதிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? ஆரம்பத்தில் மனிதரிடமிருந்துதான். இரத்தத்தில் பிரிவுகள் உண்டென்று வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் எழுதினார். 'பி' பிரிவுக்காரரின் இரத்தத் தெளிவில் 'ஏ' இரத்தத்தைத் திரள வைக்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. அந்தத் தெளிவை எடுத்துத்தான் புட்டியில் அடைத்தார்கள். 1940-ல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸைக் கண்டறிந்தார்கள். ரீசஸ் பார்க்கும் மருந்தோ இயற்கையாகக் கிடைக்காது. ரீசஸ் நெகட்டிவ் தாய் ரீசஸ் பாசிட்டிவ் பிள்ளையைச் சுமக்கும்போது அவள் உடம்பில் அது உருவாகிவிடலாம். அடுத்தடுத்த பிள்ளைகளை வயிற்றிலேயே தாக்கும் பொருளும் அதுதான். ஆகவே அந்தக் காலத்து ரீசஸ் மருந்தில் பெரும்பங்கு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் இரத்தத்திலிருந்து வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த நிறமில்லாத மூன்றாவது புட்டியை நான் அலட்சியமாகக் கையாண்டதில்லை.

மனிதரிடமிருந்து எடுப்பதென்றால் எவ்வளவு எடுக்க முடியும்? தட்டுப்பாடுதான். அப்போது மாற்று வழி தேடியவர்கள் எங்கே போய்ப் பார்த்தார்கள் என்கிறீர்கள்? நம் வீட்டுச் சமையல்கட்டில்! ஆம், தாய்மார்களே, கொள்ளு. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லி ரசம் வைக்கிறீர்களே, அதே கொள்ளுதான். 1951-ல் இந்தியாவில், பூனா இராணுவ மருத்துவக் கல்லூரியில் இரத்த மாற்றுப் பணியில் இருந்த டாக்டர் ஜி.டபிள்யூ.ஜி. பேர்ட் என்பவர், கொள்ளை ஊறவைத்த சாறு 'ஏ' பிரிவு இரத்தத்தைத் திரள வைக்கிறது என்று கண்டு, பெங்களூரில் வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'ஏ' என்பது ஒரே வகையல்ல. பெரும்பாலோர் ஏ-ஒன்று, சிலர் ஏ-இரண்டு. அளவாக நீர்த்த கொள்ளுச் சாறு ஏ-ஒன்றை மட்டும் திரட்டும், ஏ-இரண்டை விட்டுவிடும். மனித இரத்தத்தில் தேடிப் பிடிக்கச் சிரமமான மருந்து, மளிகைக் கடையில் கிலோக் கணக்கில் கிடைத்தது!

செய்முறையும் பெரிய வித்தையல்ல. கொள்ளைக் குருணையாக அரைத்து, உப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, சுழல் பொறியில் சுற்றித் தெளிவை வடித்து எடுப்பார்கள். எந்த அளவு நீர்த்தால் ஏ-ஒன்று மட்டும் திரள்கிறது என்று தெரிந்த இரத்தத்தை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தக் கடைசி வேலையில்தான் படிப்பும் பொறுமையும் வேண்டும். (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ரசமே போதும்.) இந்தக் கொள்ளுச் சாறு இன்றும் இரத்த வங்கிகளில் பயன்படுகிறது, கம்பெனிகளும் புட்டியில் அடைத்து விற்கின்றன. நான் முதன்முதலில் அந்தப் புட்டியின் சீட்டைப் படித்து, இது நம்ம கொள்ளாச்சே என்று சொன்னபோது, உடன் வேலை பார்த்த சீன நண்பர் நம்ப மறுத்தார். மறுநாள் ஒரு பிடி கொண்டுபோய்க் காட்டினேன்.

துத்தமும் அப்படித்தான். மயில்துத்தம் என்று சுண்ணாம்போடு கலந்து செடிகொடிகளுக்கு அடிப்பார்களே, அந்த நீல உப்பு. அதைக் கணக்காகக் கரைத்து வைத்து, உங்கள் விரல் இரத்தத்தில் ஒரு சொட்டு விட்டால், இரத்தச் சத்து 12.5 கிராம் அளவுக்கு இருந்தால் சொட்டு நேரே அடியில் இறங்கும். சத்துக் குறைந்தால் தயங்கும், மிதக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தார் வகுத்த முறை. சல்லிக் காசில் முடிகிற சோதனை. நம் பெண்களில் பலரைத் திருப்பி அனுப்புவது இந்தச் சொட்டுதான் என்பது வேறு கதை.

1975-ல் பெரிய திருப்பம் வந்தது. கேம்பிரிட்ஜில் மில்ஸ்டீன், கோலர் என்ற இருவர், ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் உயிரணுக்களைக் கூடத்திலேயே வளர்க்கும் வழியைக் கண்டார்கள். 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறைக்கு யாரும் காப்புரிமை எடுத்து வைக்கவில்லை என்பது நம் போன்றவர்களின் அதிர்ஷ்டம். நீலமும் மஞ்சளும் அதன்பின் மனித இரத்தத்தை நம்பியிருக்கவில்லை. இந்தியாவிலேயே தயாராக ஆரம்பித்தன. கோவாவில் துலிப் நிறுவனம் பிரிவு பார்க்கும் மருந்துகளையும், டில்லியில் ஜே. மித்ரா நிறுவனம் எய்ட்ஸ், காமாலைச் சோதனைப் பெட்டிகளையும் செய்தன.

பிறகு ஏன் செலவு ஏறுகிறது என்று கேட்பீர்கள். முதல் காரணம் வெளிநாட்டுப் பணம். 1997 நடுவில் ஒரு அமெரிக்க டாலர் 2 வெள்ளி 50 காசு. 1998 ஜனவரியில் 4 வெள்ளி 70 காசையும் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசில் நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் மறுபடியும் 4 வெள்ளி 80 காசை ஒட்டி நின்றது. புட்டி அதே புட்டிதான். இரண்டாவது, செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2007-ல் சுவிட்சர்லாந்தின் டயாமெட்டை அமெரிக்காவின் பயோ-ராட் வாங்கியது. 2023-ல் அமெரிக்காவின் இம்யூகோரை ஸ்பெயினின் வெர்ஃபென் வாங்கியது. மூன்றாவதைச் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும்: 555 நோட்டு!

தோட்டத்துக் கடையில் '555' நோட்டில் எழுதி வாங்கிய காலம் நினைவிருக்கிறதா? சம்பளத்துக்கு முன்பே அரிசி, மீன் டின், சீனி எல்லாம் கிடைக்கும். ஆனால் வேறு கடையில் விலை குறைவு என்று தெரிந்தாலும் போக முடியாது. சோதனை இயந்திரங்களும் அந்த மாதிரிதான் வருகின்றன. இயந்திரத்தைக் கம்பெனி சும்மாவே கொண்டுவந்து வைக்கும். ஒப்பந்தம் முடியும்வரை மருந்தை அவர்களிடமே வாங்க வேண்டும். அடுத்தவர் மருந்தை அந்த இயந்திரம் ஏற்காது. வேலை வேகமாக நடக்கிறது, தவறு குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் நோட்டு நோட்டுதான்.

"விலை குறைந்தவனிடம் மாற வேண்டியதுதானே?" சொல்வது எளிது. 1998 நெருக்கடியில் எங்கள் கூடத்துக்கு மலிவான நீலப் புட்டி ஒன்று மாதிரிக்கு வந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்பது இங்கே வேண்டாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாரக் கணக்கில் பார்த்தோம். 'ஏ' இரத்தம், 'ஓ' இரத்தம் எல்லாம் சரி. ஏ-இரண்டு கலந்த 'ஏபி' வந்தபோது நீலத்தில் திரளவே இல்லை. மஞ்சளில் மட்டும் திரண்டது. அதாவது 'ஏபி'காரரை 'பி' என்று காட்டியது அந்தப் புட்டி. அந்த இரத்தத்தை ஒரு 'பி' நோயாளிக்கு ஏற்றியிருந்தால் என்ன ஆகும்? எங்கள் தலைவர் அம்மாள் புட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்து வந்த இன்னொரு மலிவுச் சரக்கு எல்லாச் சோதனையிலும் தேறியது. அதை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டோம். மலிவு என்பதாலேயே மட்டமும் இல்லை, வெளிநாட்டுப் பெயர் என்பதாலேயே உசத்தியும் இல்லை. பார்த்துத்தான் எடுக்க வேண்டும், பார்ப்பதற்கு ஆளும் நாளும் வேண்டும். 2012-ல் வந்த மருத்துவக் கருவிச் சட்டப்படி இப்போது இவை பதிவும் பெற வேண்டும்.

இவ்வளவும் எதற்காக? பகாவ் பக்கத்தில் நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், பக்கத்து லயத்து அக்காளுக்குப் பிரசவத்துக்குப் பின் இரத்தம் நிற்கவில்லை. டிரெஸ்ஸர் ஐயா லோரியில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எட்டுப் பேரில் பொருந்தியது இரண்டு பேர். அந்த இரண்டு பை ஏறித்தான் அக்காள் வீடு வந்தார். பொருந்தாத ஆறு பேரைக் கண்டுபிடித்து ஒதுக்கியதும் அந்த நீலமும் மஞ்சளும்தான் என்பது கூடத்தில் சேர்ந்த பிறகே எனக்கு விளங்கியது.

நாம் டாலரை இறக்க முடியாது. ஆனால் மருந்து வீணாகாமல் பார்க்க முடியும். எங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டியது ஒன்று உண்டு. எய்ட்ஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகவே முகாமுக்கு வருகிறவர்கள்! பாரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று கோடு போட்டுவிடுவார்கள். அத்தனை மருந்தும் செலவாகி, பையும் எரிக்கப்படும். கிருமி தொற்றிய புதிதில் சோதனைக்கே அகப்படாமல் நழுவும் ஆபத்தும் இருக்கிறது. சந்தேகம் இருப்பவருக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பெயர் சொல்லாமலே பார்த்துக்கொள்ள வழியிருக்கிறது. அங்கே போகட்டும்.

இன்னொன்று. ரீசஸ் நெகட்டிவ் என்பது மலாய்க்காரர், சீனரிடையே 100-க்கு ஒன்று கூடத் தேறாது. நம்மவரில் 100-க்கு 5 பேர் அளவில் உண்டு. அப்படியொரு பை அவசரமாக வேண்டுமென்றால் பெரும்பாலும் நம் தோட்டங்களையும் தாமான்களையும் நோக்கித்தான் தொலைபேசி அடிக்கும். உங்கள் கார்டில் அப்படி எழுதியிருந்தால், முகாமில் கொடுத்துத் தீர்த்துவிடாமல், உங்கள் பெயரையும் எண்ணையும் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை இரத்த வங்கியில் பதிந்து வைப்பது நல்லது. கர்ப்பிணிப் பெண்கள் முதல் பரிசோதனைக்கே போய்விட வேண்டும். நெகட்டிவ் என்று அப்போதே தெரிந்தால் அடுத்த பிள்ளையைக் காக்க ஊசி இருக்கிறது. அந்த மூன்றாவது புட்டியின் பழைய கதை நம் வீட்டில் நடக்க வேண்டியதில்லை.

கொடுக்க வருகிறவர்களுக்கு: வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், 17 என்றால் பெற்றோர் கடிதம் வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. முந்தின இரவு ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். விடியுமுன் எழுந்து, பால் வெட்டியோ செம்பனைக் குலை தள்ளியோ முடித்து, வெறும் கோப்பி ஓ குடித்த வயிற்றோடு வந்து படுத்துவிடாதீர்கள். மயங்கி விழுந்தால் தூக்குவதற்கு அங்கே இருப்பது ஒரு மிஸ்ஸியும் ஒரு டிரைவரும்தான்.